விஸ்கி பாட்டுக்கு பில் கட்டினது யாரு?

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு பாட்டு, நாலு பேண்ட், கிட்டத்தட்ட அறுபது வருஷக் கதை.

பாட்டோட பேரு 'விஸ்கி இன் த ஜார்'. மெட்டல் கேக்குற யாரையாவது கேட்டா, "அது மெட்டாலிகா பாட்டு ப்ரோ"ன்னு சொல்வாங்க. அவங்க சித்தப்பா வயசுல இருக்கிற ராக் ரசிகர் குறுக்க வந்து, "தம்பி, அது தின் லிஸி பாட்டு, 1972"ன்னு திருத்துவாரு. பக்கத்துல ஒரு அயர்லாந்துக்காரர் இருந்தா ரெண்டு பேரையும் ஓரங்கட்டிட்டு, "டப்ளினர்ஸ் பாடினதைக் கேட்டிருக்கீங்களா?"ன்னு ஆரம்பிப்பாரு.

உண்மையில இது இவங்க யாருக்கும் சொந்தமில்ல. யார் எழுதினதுன்னு பேர் நிக்காத, பல தலைமுறையா வாய்வழியா வந்த அயர்லாந்து நாட்டுப்புறப் பாட்டு. நம்ம பொழப்பு பாஷையில சொன்னா ஓப்பன் சோர்ஸ். யார் வேணும்னாலும் எடுத்து ஃபோர்க் பண்ணலாம், ஊர் பேரை மாத்தலாம், மெட்டை வேகமாக்கலாம், கிட்டார் சேர்க்கலாம். ரெக்கார்டுல 'மரபுப் பாடல், இசையமைப்பு இன்னார்'னு போட்டா போதும்.

பேர்ல விஸ்கி இருக்கே தவிர, இந்தப் பாட்டோட கதை குடியைப் பத்தினது இல்ல. கார்க், கெர்ரி மலைப் பக்கம் ஒரு வழிப்பறிக் கொள்ளைக்காரன். ஒரு ராணுவ கேப்டனை மடக்கிப் பணத்தைப் பறிக்கிறான். அதைக் கொண்டு போய் காதலிகிட்ட கொடுக்கிறான். அவளோ அவனைக் காட்டிக்கொடுத்துடுறா. கடைசியில அவன் மாட்டிக்கிறான். வழிப்பறி, துரோகம், ஜெயில். விஸ்கி வர்றது கோரஸ்ல மட்டும்தான்.

ஆனா ஒரு பப்புல 200 பேர் மேசையைத் தட்டிக்கிட்டு இதைப் பாடும்போது யாருக்காவது ஜெயில் ஞாபகம் வருமா? விஸ்கி மட்டும்தான் காதுல விழும். குடிப் பாட்டு பலதுக்கும் இதே கதிதான். பாட்டு ஒண்ணு சொல்லும், கூட்டம் வேற ஒண்ணு கேக்கும். பாட்டுக்கு நடந்தது பாடினவங்களுக்கும் நடந்தது. கூட்டம் அவங்ககிட்டயும் குடியை மட்டும்தான் பார்த்தது. அதுக்கான பில்லை யார் கட்டினாங்கன்னு பேண்ட் பேண்டாப் பார்ப்போம்.

குடிக்காத நாட்டின் குடிப் பாட்டு

முதல்ல ஒரு பின்னணி. அயர்லாந்துன்னாலே பப், கின்னஸ், விஸ்கின்னு நம்ம மனசுல ஒரு படம் இருக்கு. அதே அயர்லாந்துதான் உலகத்தின் பெரிய மதுவிலக்கு இயக்கங்கள்ல ஒண்ணையும் பார்த்த நாடு. 1838-ல கார்க் நகரத்துல தியோபால்ட் மேத்யூங்கிற பாதிரியார், 'இனி குடிக்க மாட்டேன்'னு மக்கள்கிட்ட உறுதிமொழி வாங்க ஆரம்பிச்சாரு. சில வருஷத்துக்குள்ள லட்சக்கணக்கானவங்க அந்த உறுதிமொழியை எடுத்தாங்க. 1898-ல டப்ளின்ல 'பயனியர்ஸ்'னு ஒரு கத்தோலிக்க மதுவிலக்கு சங்கம் வந்தது. அதுல சேர்ந்தவங்க சட்டையில ஒரு சின்ன பேட்ஜ் குத்தியிருப்பாங்க. அதைப் பார்த்தாலே இவர் குடிக்க மாட்டார்னு ஊருக்குத் தெரியும்.

இன்னைக்கு உலகமே பச்சை சட்டை போட்டுக்கிட்டு பீர் குடிக்கிற செயின்ட் பேட்ரிக் தினம் இருக்கே, அன்னைக்கு அயர்லாந்துல பப் திறக்கவே கூடாதுன்னு 1920கள்ல சட்டம் வந்து, பல வருஷம் அமல்ல இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமைத் தடை இன்னும் நீண்டு, 2018-லதான் போச்சு.

அப்போ அந்த 'குடிகார ஐரிஷ்காரன்' பிம்பம் எங்க வளர்ந்தது? ஒரு முக்கியமான கிளை ஊருக்கு வெளியில, புலம்பெயர்ந்தவங்க இருந்த ஊர்கள்ல வளர்ந்தது. 1959-ல நியூயார்க்ல 'கிளான்சி பிரதர்ஸ்'ங்கிற சகோதரர்களும், டாமி மேக்கம்ங்கிற அவங்க நண்பரும் சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டாங்க. பேரு 'கம் ஃபில் யுவர் கிளாஸ் வித் அஸ்'. வந்து எங்க கூட கிளாஸை நிரப்புங்கன்னு அர்த்தம். முழுக்கக் குடிப் பாட்டுகள். 1961-ல இவங்க எட் சல்லிவன் ஷோவுல வந்தாங்க. அந்தக் காலத்துல அமெரிக்கா முழுக்க உட்கார்ந்து பார்த்த டிவி நிகழ்ச்சி அது. வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டர், கிட்டார், பாஞ்சோ. ஊரை விட்டு வந்தவங்களுக்கு ஊர் ஞாபகம், மத்தவங்களுக்கு ஜாலியான ஐரிஷ்காரங்க. ஒரே மேடை, ரெண்டு விதமான ஆடியன்ஸ்.

இந்த அலை திரும்பி டப்ளினுக்கே வந்தது.

டப்ளினர்ஸ்: தடை போட்டா ஹிட்டு

1962. டப்ளின்ல மெரியன் ரோ தெருவுல ஓ'டொனஹூஸ்னு ஒரு பப். அங்க ரானி ட்ரூ, லூக் கெல்லி, பார்னி மெக்கென்னா, கீரன் பர்க்னு நாலு பேர் சேர்ந்து வாசிக்க ஆரம்பிச்சாங்க. முதல்ல 'ரானி ட்ரூ பேலட் குரூப்'னு பேரு. ரானிக்கு அந்தப் பேரு பிடிக்கல. லூக் கெல்லி அப்போ ஜேம்ஸ் ஜாய்ஸோட 'டப்ளினர்ஸ்' புத்தகத்தைப் படிச்சிக்கிட்டிருந்தாரு. அந்தப் பேரையே வச்சாச்சு.

கிளான்சி பிரதர்ஸ் சுத்தமா ஷேவ் பண்ணி, ஒரே மாதிரி ஸ்வெட்டர் போட்டு வந்தவங்க. டப்ளினர்ஸ் அதுக்கு நேர் எதிர். தாடி, கரகரன்னு குரல், நேரா பப்புல இருந்து எழுந்து வந்த மாதிரி தோற்றம். ரானி ட்ரூவோட குரலைக் கேட்டீங்கன்னா சரளைக் கல்லு மேல வண்டிச் சக்கரம் ஓடுற மாதிரி இருக்கும்.

1967-ல இவங்க 'செவன் ட்ரங்கன் நைட்ஸ்'னு ஒரு பாட்டை வெளியிட்டாங்க. இதுவும் பழைய நாட்டுப்புறப் பாட்டுதான். ஜோ ஹீனிங்கிற மூத்த பாடகர்கிட்ட இருந்து ரானி ட்ரூ கத்துக்கிட்டது. ஒருத்தன் தினமும் குடிச்சிட்டு வீட்டுக்கு வர்றான். வாசல்ல வேற ஆளோட குதிரை நிக்குது. "இது யாருது?"ன்னு கேட்டா, மனைவி ஏதோ ஒரு நம்ப முடியாத சமாளிப்பு சொல்றா. மறுநாள் வேற ஒரு பொருள், வேற ஒரு சமாளிப்பு. இப்படி ஏழு ராத்திரி. கடைசி ரெண்டு ராத்திரி ரொம்ப ஏடாகூடம்னு ரெக்கார்டுல அஞ்சு ராத்திரியோட நிறுத்திட்டாங்க.

அப்பவும் அயர்லாந்து அரசு ஒலிபரப்பான ஆர்.டி.இ. பாட்டுக்குத் தடை போட்டது. சாதாரணமா இருந்தா பாட்டு அங்கேயே முடங்கியிருக்கும். ஆனா அப்போ ரேடியோ கரோலைன்னு ஒரு திருட்டு ரேடியோ இருந்தது. கடல்ல கப்பலை நிறுத்தி, லைசென்ஸ் இல்லாம கரைக்குப் பாட்டு அனுப்புற ஸ்டேஷன். டப்ளினர்ஸ் ரெக்கார்டை வெளியிட்ட 'மேஜர் மைனர்' கம்பெனியோட முதலாளி ஃபில் சாலமன், அந்த ரேடியோவுக்கும் ஒரு டைரக்டர். பாட்டையும் வச்சிருக்காரு, பாட்டைப் போடுற கப்பலையும் வச்சிருக்காரு. பாட்டு சுத்திச் சுத்தி ஓடியது. பிரிட்டன் சார்ட்ல 7ஆம் இடம். அரசு ரேடியோ தடை போட்ட அயர்லாந்துலயே முதலிடம்.

அதுக்கப்புறம் வந்த ஆல்பங்களோட பேரைப் பாருங்க. 1967-லயே 'எ டிராப் ஆஃப் த ஹார்ட் ஸ்டஃப்', அதே வருஷம் 'மோர் ஆஃப் த ஹார்ட் ஸ்டஃப்'. ஹார்ட் ஸ்டஃப்னா பேச்சு வழக்குல விஸ்கி மாதிரியான கடுமையான சரக்கு. 1968-ல 'டிரிங்கின் அண்ட் கோர்ட்டின்'. குடியும் காதலும். இதுல ரெண்டாவது ஆல்பத்துலதான் நம்ம பாட்டு, 'விஸ்கி இன் த ஜார்', லூக் கெல்லி குரல்ல வருது.

இதே லூக் கெல்லி இடதுசாரி. தொழிலாளர்களைப் பத்தியும், அநியாயத்தைப் பத்தியும் பாடினவரு. அவர் பாடின சோகப் பாட்டுகளைக் கேட்டா தொண்டை அடைக்கும். ஆனா உறை மேல எழுதி வித்தது என்னமோ சரக்குதான். ஒரு விஷயத்தை நியாயமா சொல்லணும். லூக் கெல்லி 1984-ல 43 வயசுல இறந்தது மூளைக்கட்டியால. 1980-ல கார்க் ஆப்பெரா ஹவுஸ் மேடையிலேயே மயங்கி விழுந்தாரு. குடிப் பாட்டு பாடினவங்க எல்லாரையும் குடிதான் கொன்னுச்சுன்னு சொன்னா அது பொய். இவங்க கதையில நான் கவனிக்கிறது வேற. ஒரு குழுவோட நூறு முகத்துல, 'குடி'ங்கிற ஒரே முகத்துக்குத்தான் மார்க்கெட் இருந்தது.

தின் லிஸி: பி சைடுக்குப் போன பாட்டு

இந்த மார்க்கெட் ஒரு கலைஞனை என்ன பண்ணும்? அதுக்கு அடுத்த பேண்டு நல்ல உதாரணம்.

ஃபில் லைனட் 1949-ல இங்கிலாந்துல பிறந்தவரு. அம்மா ஐரிஷ், அப்பா அன்னைக்கு பிரிட்டிஷ் கயானாவா இருந்த நாட்டுல இருந்து வந்த கருப்பினத்தவர். டப்ளின்ல கிரம்லின்ங்கிற பகுதியில பாட்டி வீட்டுல வளர்ந்தாரு. 1950கள்ல டப்ளின்ல ஒரு கருப்பினப் பையன் எப்படித் தனியாத் தெரிஞ்சிருப்பான்னு யோசிச்சுப் பாருங்க. பெரியவரானதும் டிரம்ஸ்ல பிரையன் டவுனி, கிட்டார்ல எரிக் பெல்னு சேர்த்துக்கிட்டு தின் லிஸி பேண்டை ஆரம்பிச்சாரு.

1972-ல இவங்களுக்கு இன்னும் ஹிட் இல்ல. டெக்கா கம்பெனிக்கு ஒரு சிங்கிள் கொடுக்கணும். லைனட் எழுதின சொந்தப் பாட்டு ஒண்ணு ரெடியா இருந்தது. பேரு 'பிளாக் பாய்ஸ் ஆன் த கார்னர்'. தெருமுனையில நிக்கிற கருப்பினப் பசங்களைப் பத்தினது. அதுதான் ஏ சைடு, அதாவது ரெக்கார்டோட முக்கியமான பக்கம். பின்பக்கத்தை நிரப்ப, ஒத்திகையில விளையாட்டா வாசிச்ச ஒரு பழைய பாட்டைப் போட்டுக்கலாம்னு நினைச்சாங்க. அந்தப் பழைய பாட்டு, 'விஸ்கி இன் த ஜார்'.

கம்பெனி பக்கத்தைத் திருப்பிப் போட்டது. விஸ்கி முன்னாடி, தெருமுனைப் பசங்க பின்னாடி. எரிக் பெல் போட்ட அந்த ஏங்குற மாதிரி கிட்டார் தொடக்கம் இன்னைக்கும் அடையாளம் தெரியும். பாட்டு அயர்லாந்துல முதலிடம், 1973-ல பிரிட்டன்ல 6ஆம் இடம். டிவி, டூர் எல்லாம் வந்தது. ஆனா பேண்டுக்கு இந்த வெற்றி கசந்தது. அவங்க ராக் பேண்ட். கூட்டமோ விஸ்கி பாட்டைத்தான் கேட்டது. தன் சொந்த வாழ்க்கையில இருந்து எழுதின பாட்டு பின்பக்கத்துல இருக்க, ஊரே பாடுற குடிப் பாட்டுல பேர் வாங்கறது எப்படி இருக்கும்?

1973 டிசம்பர் 31, பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்துல கச்சேரி. நடுவுல எரிக் பெல் கிட்டாரை மேல தூக்கி எறிஞ்சிட்டு மேடையை விட்டு இறங்கிப் போயிட்டாரு. குடியும் ஓயாத டூரும் சேர்ந்து அவர் உடம்பையும் மனசையும் காலி பண்ணியிருந்தது. அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்த கிட்டார்காரர், அது ஹிட்டான ஒரே வருஷத்துல பேண்டுல இல்ல.

லைனட் அதுக்கப்புறம் சொந்தப் பாட்டுகளாலயே பெரிய ஸ்டார் ஆனாரு. 'த பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' 1976-ல வந்தது. ஆனா போதைப்பொருளும் குடியும் விடல. 1985 கிறிஸ்துமஸ் அன்னைக்கு வீட்டுல நிலைகுலைஞ்சு விழுந்தாரு. 1986 ஜனவரி 4-ல மருத்துவமனையில இறந்தாரு. 36 வயசு. டப்ளின்ல ஹாரி தெருவுல அவருக்கு இப்போ வெண்கலச் சிலை இருக்கு. டூரிஸ்ட்டுங்க பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துக்கிறாங்க.

போக்ஸ்: கைதட்டி ஊத்திக் கொடுத்த கூட்டம்

மூணாவது பேண்ட் லண்டன்ல கிங்ஸ் கிராஸ் பகுதியில 1982-ல தொடங்கினது. முதல்ல வச்ச பேரு 'போக் மஹோன்'. ஐரிஷ் மொழியில அது ஒரு கெட்ட வார்த்தை. நம்ம ஊர் வழக்குல 'போடா'ங்கிறதோட இன்னும் காரமான வடிவம்னு வச்சுக்கோங்க. மொழி தெரிஞ்சவங்க பிபிசிக்குப் புகார் பண்ண, பேரைச் சுருக்கி 'த போக்ஸ்' ஆனாங்க.

பாடகர் ஷேன் மகவன். 1957 கிறிஸ்துமஸ் அன்னைக்கு இங்கிலாந்துல ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவரு. சின்ன வயசுல டிப்பரேரியில அம்மா வழிச் சொந்தக்காரங்க வீட்டுல இருந்த நாட்கள்தான் அவரோட பாட்டுகளுக்கு ஊத்து. பேண்ட் பண்ணது என்னன்னா, டப்ளினர்ஸ் பாணி நாட்டுப்புறப் பாட்டை பங்க் ராக் வேகத்துல வாசிச்சது. அக்கார்டியன், பாஞ்சோ, டின் விசில், நடுவுல ஷேனோட கத்தல்.

முதல் ஆல்பம் 1984-ல. அதுல 'ஸ்ட்ரீம்ஸ் ஆஃப் விஸ்கி'ன்னு ஒரு பாட்டு, விஸ்கி ஓடைகள். கனவுல ப்ரெண்டன் பீஹனைச் சந்திக்கிற மாதிரி ஷேன் எழுதினாரு. இந்த பீஹன் யாருன்னு தெரிஞ்சா கதை புரியும். டப்ளின் எழுத்தாளர், நாடக ஆசிரியர். 1956-ல பிபிசி நேர்காணலுக்குப் போதையோட போய் உட்கார்ந்தாரு. மத்தவங்களா இருந்தா அத்தோட மரியாதை போயிருக்கும். பீஹன் ஒரே ராத்திரியில பிரபலம் ஆயிட்டாரு. அப்புறம் எங்க போனாலும் ஜனங்க அந்தப் போதை பீஹனைத்தான் எதிர்பார்த்தாங்க. சர்க்கரை நோய் வேற. 1964-ல 41 வயசுல இறந்தாரு. இருபது வருஷம் கழிச்சு இன்னொரு திறமைசாலி அவரைக் கனவுல பார்த்து, அந்த ஓடையில நானும் இறங்குறேன்னு பாடுறாரு.

ஷேன் வெறும் குடிப் பாட்டுக்காரர் இல்ல. 1987-ல வந்த 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' பாட்டைப் பாருங்க. கிர்ஸ்டி மெக்கால் கூடப் பாடினது. குடிச்சிட்டு விழுந்தவங்களை அடைக்கிற போலீஸ் லாக்கப்புல, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி பாட்டு ஆரம்பிக்குது. கனவோட அமெரிக்கா வந்த ஒரு ஜோடி, எல்லாம் உடைஞ்ச பிறகு ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிறாங்க. குடி ஒரு வீட்டை என்ன பண்ணும்னு இவ்வளவு நேர்மையா சொன்ன பாட்டு குறைவு. அது பிரிட்டன்ல 2ஆம் இடம், அயர்லாந்துல முதலிடம். இன்னைக்கும் டிசம்பர் ஆனா பார்ட்டியில கிளாஸைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் சேர்ந்து பாடுறாங்க. எச்சரிக்கைப் பலகையையே பந்தல் தோரணமா மாட்டிக்கிட்ட மாதிரி.

அதே 1987-ல டப்ளினர்ஸும் போக்ஸும் சேர்ந்து 'த ஐரிஷ் ரோவர்' பாடினாங்க. ரெண்டு தலைமுறை, ஒரே மேடை. 1990-ல உலகக்கோப்பை கால்பந்து சமயத்துல மறுபடியும் சேர்ந்தாங்க. அப்போ பாடினதுல ஒண்ணு எது தெரியுமா? நம்ம 'விஸ்கி இன் த ஜார்'.

ஆனா அதுக்குள்ள பேண்டுக்குள்ள நிலைமை கைமீறிடுச்சு. 1988-ல அமெரிக்க டூரோட முதல் நிகழ்ச்சிகளுக்கு ஷேன் வரவே இல்ல. மேடைக்கு வந்தாலும் வரிகள் மறந்துபோகும். கூட்டத்துல ஒரு பகுதி அதைப் பார்க்கவே வந்தது. அவர் தடுமாறினா சிரிப்பு, விழுந்தா கைதட்டல். 1991-ல ஜப்பான் டூர்ல பேண்ட் அவரை வெளியே அனுப்பியது. நண்பர்களே சேர்ந்து, தங்களோட பெரிய பாட்டெழுத்தாளரை அனுப்பி வைக்க வேண்டிய நிலை. மிச்ச டூருக்கு 'த கிளாஷ்' பேண்டோட ஜோ ஸ்ட்ரம்மர் வந்து பாடினாரு. 1996-ல பேண்டே கலைஞ்சு, 2001-ல மறுபடி ஷேனோட சேர்ந்தாங்க. ஆனா பழைய வேகத்துல புதுப் பாட்டு அவர்கிட்ட இருந்து வரல. வராம போன அந்தப் பாட்டுகள்தான் அவர் கட்டின பில்.

மெட்டாலிகா: கப்போட வீட்டுக்கு, வீட்டுல இருந்து ரீஹேபுக்கு

இப்போ நீங்க கேட்டிருக்க வாய்ப்பு அதிகமுள்ள வெர்ஷன். 1998-ல மெட்டாலிகா 'கராஜ் இன்க்'னு முழுக்க மத்தவங்க பாட்டா ஒரு ஆல்பம் போட்டது. அதுல இருக்கிற 'விஸ்கி இன் த ஜார்', தின் லிஸி வெர்ஷனோட ஃபோர்க். எரிக் பெல்லோட கிட்டார் வரி அப்படியே இருக்கும், இன்னும் கனமா. வீடியோவுல ஒரு வீட்டுக்குள்ள தலைகால் புரியாத பார்ட்டி. 2000-ல சிறந்த ஹார்ட் ராக் பர்ஃபாமன்ஸுக்கான கிராமி விருது கிடைச்சது.

மெட்டாலிகாவுக்கு ஒரு பட்டப்பேரு உண்டு, 'ஆல்கஹாலிகா'. ரசிகர்கள் பெருமையா டீஷர்ட்ல போட்டுக்கிட்ட பேரு. விருது வாங்கி ஒண்ணரை வருஷம் ஆகல, 2001-ல பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ரெக்கார்டிங்கைப் பாதியில விட்டுட்டு மறுவாழ்வு சிகிச்சைக்குப் போயிட்டாரு. பேண்ட் இருக்குமா உடையுமான்னே தெரியாத பல மாதங்கள்.

இதை நாம படமாவே பார்க்கலாம். 2004-ல வந்த 'சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்' ஆவணப்படத்துல எல்லாம் பதிவாகியிருக்கு. திரும்பி வந்த ஹெட்ஃபீல்ட் ஒரு விதி வச்சாரு. மதியம் 12 மணியில இருந்து 4 மணி வரைக்கும்தான் வேலை. அதுக்கப்புறம் குடும்பம், சிகிச்சை. டிரம்மர் லார்ஸ் உல்ரிக் எரிச்சல்ல கொதிக்கிறாரு. உலகத்தின் பெரிய மெட்டல் பேண்ட், நாலு மணிக்கு மூட்டை கட்டிட்டு வீட்டுக்குப் போகுது. பார்க்கச் சிரிப்பா இருக்கலாம். ஆனா இந்த எபிசோட்ல வந்த ஆட்கள்ல, கூட்டத்துக்குப் பிடிச்ச அந்தப் பாத்திரத்துல இருந்து இறங்கறேன்னு வெளிப்படையா சொன்னவரு இவரு. 2019-ல மறுபடி சிகிச்சை தேவைப்பட்டப்போ ஆஸ்திரேலியா, நியூசிலாந்து டூரையே தள்ளி வச்சாங்க. ஒரு தடவை போனா சரியாயிடும்ங்கிற கதை இல்ல இது.

2018: ஒரே வருஷம், மூணு காட்சி

2018-ஐ மட்டும் தனியா எடுத்துப் பாருங்க.

ஜனவரியில டப்ளின் தேசியக் கச்சேரி மண்டபத்துல ஷேன் மகவனோட 60ஆவது பிறந்தநாள் விழா. அயர்லாந்து குடியரசுத் தலைவரே வந்து வாழ்நாள் சாதனை விருது கொடுத்தாரு. 2015-ல விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சதுல இருந்து ஷேன் சக்கர நாற்காலியில இருந்தாரு.

அக்டோபர்ல அதே அயர்லாந்து பொதுச் சுகாதார மதுச் சட்டத்தை நிறைவேத்தியது. அதன்படி 2022 ஜனவரியில இருந்து, ஒரு அளவுக்குக் கீழே விலை வச்சு மது விக்கவே கூடாது.

மூணாவது காட்சி. அதே வருஷம் மெட்டாலிகா சொந்தமா ஒரு விஸ்கியை அறிமுகம் பண்ணியது, பேரு 'பிளாக்கன்ட்'. பீப்பாய்களுக்குப் பக்கத்துல ஸ்பீக்கர் வச்சு மெட்டாலிகா பாட்டு போடுவாங்களாம். அந்த அதிர்வுல விஸ்கி மரத்தோட நல்லாக் கலக்கும்னு கம்பெனி சொல்லுது. போக்ஸ் பேர்லயும் ஏற்கெனவே ஒரு ஐரிஷ் விஸ்கி வந்திருந்தது.

ஆக, நாடு குடியைக் கட்டுப்படுத்தச் சட்டம் போடுது. அதே நாடு குடியால உடைஞ்ச கலைஞருக்கு விருது கொடுக்குது. குடியில இருந்து மீளப் போராடுற பாடகரோட பேண்ட் பாட்டில் விக்குது. இதுல யாரையும் நான் கூண்டுல ஏத்தல. அந்த விருது ஷேனோட எழுத்துக்குக் கிடைச்சது, அது நியாயம். ஆனா லாபம் எந்தப் பக்கம் போகுது, செலவு எந்தப் பக்கம் போகுதுன்னு பிரிச்சு எழுதிப் பார்த்தா ஒரே மாதிரிதான் வருது. ரெக்கார்டு கம்பெனிக்கு ஹிட்டு, பப்புக்கு வியாபாரம், நமக்கு ஒரு ஜாலியான ராத்திரி. ஈரல், ஞாபகம், நட்பு, எழுதாம போன பாட்டு எல்லாம் பாடினவங்க கணக்குல.

ஷேன் 2023 நவம்பர் 30-ல இறந்தாரு, 65 வயசு. டிப்பரேரியில நீனா ஊர்ல இருக்கிற சர்ச்சுல இறுதி ஆராதனை நடந்தது. 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' வாசிச்சாங்க. ஜனங்க எழுந்து ஆடினாங்க. ரொம்ப அழகான வழியனுப்பு. அதைப் பார்க்கும்போது எனக்கு ஒண்ணு தோணுச்சு. அந்தப் பாட்டோட முதல் காட்சியான லாக்கப்பை அன்னைக்காவது எத்தனை பேர் கேட்டிருப்பாங்க?

நம்ம கேங்ல அந்த ஒருத்தன்

இதெல்லாம் ஸ்டாருங்க கதை, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு ஃபிரண்ட்ஸ் கேங்லயும் ஒருத்தன் இருப்பான். "மச்சான், அவன் ரெண்டு ரவுண்டு போனா செம்ம காமெடிடா"ன்னு சொல்வோம். டீம் அவுட்டிங் பிளான் பண்ணும்போதே "அவன் வர்றானா?"ன்னு முதல்ல கேப்போம். அவன் ஆடுவான், பாடுவான், உளறுவான். நாம ஃபோன்ல வீடியோ எடுப்போம், குரூப்ல போடுவோம். மறுநாள் அவன் ஆபீஸ் வரலைன்னா அதுக்கும் ஒரு மீம்.

அவன் ஒரு நாள் "இன்னைக்கு வேணாம்டா, ஜூஸ் போதும்"னு சொன்னா நாம என்ன சொல்றோம்? "என்னடா ஓவரா சீன் போடுற"ன்னு சொல்றோமா, இல்ல "சரி மச்சி"ன்னு ஒரு ஜூஸை நகர்த்தி வைக்கிறோமா? பீஹன்கிட்டயும் ஷேன்கிட்டயும் கூட்டம் கேட்டது அந்த முதல் கேள்வியைத்தான், கொஞ்சம் பெரிய அரங்கத்துல.

பாட்டுகளைக் கேக்காதீங்கன்னு நான் சொல்ல வரல. கண்டிப்பாக் கேளுங்க. லூக் கெல்லி குரல்ல ஒரு தடவை, எரிக் பெல் கிட்டாருக்காக ஒரு தடவை, டப்ளினர்ஸும் போக்ஸும் சேர்ந்து போடுற சத்தத்துக்காக ஒரு தடவை, மெட்டாலிகா வெர்ஷனை ஸ்பீக்கரை அதிர வச்சு ஒரு தடவை. அப்படியே தின் லிஸி ரெக்கார்டோட பின்பக்கத்துல போன 'பிளாக் பாய்ஸ் ஆன் த கார்னர்' பாட்டையும் தேடிக் கேளுங்க. அம்பது வருஷம் லேட்டானாலும், ஃபில் லைனட் முன்பக்கத்துல சொல்ல நினைச்சது அதைத்தான்.

உங்க கேங்ல அந்த ஒருத்தன் யாருன்னு இப்போ ஞாபகம் வந்திருந்தா, பார்ட்டி இல்லாத ஒரு நாள்ல சும்மா ஒரு ஃபோன் போட்டு எப்படி இருக்கான்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.